உருகாத பிளாஸ்டிக்: விலை பேசுமுன் விவரம் கேட்போம்



நம் கடைப் படியேறும் விற்பனைப் பிரதிநிதிகள் இப்போது ஒரு புதுச் சொல்லை அடிக்கடி சொல்கிறார்கள். வயர் விற்பவர் "ஈ.பி. வயர்" என்கிறார். பாக்கெட் சுற்றும் ஷ்ரிங்க் ரோல் விற்பவர் "கிராஸ் லிங்க் ஃபிலிம்" என்கிறார். சூரிய வெந்நீர்க் கருவி மாட்ட வருபவர் "கதிர் பாய்ச்சிய பைப்" என்கிறார். நம்மிடம் சரக்கெடுக்கும் மளிகைக்காரர் ஒருவர், ஈ.பி. வயர் என்றால் மின்சார வாரியம் கொடுக்கும் வயர் என்றே எண்ணிக்கொண்டிருந்தார். அதில் அவரைக் குறை சொல்வதற்கில்லை. தமிழ்நாட்டில் ஈ.பி. என்றால் யாருக்கும் முதலில் ஞாபகம் வருவது கரண்ட் பில்தான். இங்கே அந்த இரண்டு எழுத்துக்கு எலெக்ட்ரான் பீம், அதாவது எலெக்ட்ரான் கற்றை, என்று பொருள்.

கூடுதல் விலை கொடுத்து வாங்குகிற பொருள் இது. வாடிக்கையாளர் பயத்தோடு கேள்வி கேட்கிற பொருளும் இதுவே. அரிசி பருப்பில் பழசா புதுசா என்று கையில் எடுத்துப் பார்த்தே சொல்லிவிடுகிற நாம், இந்தச் சரக்கில் மட்டும் பிரதிநிதி சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வது நியாயமில்லை. ஆகவே படித்தும், தெரிந்தவர்களிடம் கேட்டும் நாம் அறிந்துகொண்டதை இங்கே வைக்கிறோம். விஞ்ஞானப் பாடம் நடத்துவது நம் நோக்கமில்லை. வியாபாரத்துக்கு எந்த அளவு வேண்டுமோ அந்த அளவு போதும்.

பிளாஸ்டிக்கில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று நெய்யைப் போன்றது. சூடு பட்டால் உருகும், ஆறினால் உறையும், மறுபடியும் உருகும். பாலிதீன் பை, குடம், வாளி எல்லாம் இந்த ஜாதி. மற்றொன்று வெந்த முட்டையைப் போன்றது. ஒருமுறை கெட்டியானால் எத்தனை சூடு போட்டாலும் பழைய நிலைக்கு வராது. நெய் ஜாதியில் பிறந்த பாலிதீனை முட்டை ஜாதிக்கு மாற்றுவதுதான் எலெக்ட்ரான் பாய்ச்சும் தொழில்.

மாற்றம் எப்படி நடக்கிறது? பாலிதீனுக்குள்ளே பார்க்க முடிந்தால், இடியாப்பம் பிழிந்தது போல நீளநீளமான இழைகள் தெரியும். ஒவ்வொரு இழையும் கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி. இரு பக்கமும் ஹைட்ரஜன் ஒட்டிக்கொண்டிருக்கும். இழைக்கும் இழைக்கும் நடுவே உறுதியான கட்டு கிடையாது. சூடு ஏறினால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஓடும். அதைத்தான் உருகுவது என்கிறோம். வேகமான எலெக்ட்ரான் வந்து மோதும்போது இழையிலிருந்து ஒரு ஹைட்ரஜன் பிய்ந்து, வாயுவாகப் போய்விடும். அந்த இடத்தில் கார்பனுக்கு ஒரு கை சும்மா இருக்கும். பக்கத்து இழையிலும் அதேபோல் ஒரு கை சும்மா இருந்தால் இரண்டும் பிடித்துக்கொள்ளும். அதுதான் முடிச்சு, அதாவது கிராஸ் லிங்க். சில ஆயிரம் கார்பனுக்கு ஒரு முடிச்சு விழுந்தாலே போதும். தனித்தனி இழையாக இருந்தது வலையாகிவிடும். வலையில் ஒரு நூலை மட்டும் உருவி எடுக்க முடியாதல்லவா? அதுபோல் எந்த இழையும் வழுக்கி ஓட முடியாமல் போகிறது. அதனால் சூட்டில் ரப்பரைப் போல் நெகிழுமே தவிர, ஒழுகாது.

இதை முதலில் தெளிவாக ஆராய்ந்து எழுதியவர்களில் முக்கியமானவர் ஆர்தர் சார்ல்ஸ்பி. இங்கிலாந்தில் ஹார்வெல் அணு நிலையத்தில் பாலிதீனை உலைக் கதிரில் வைத்துப் பார்த்து 1952ல் கட்டுரை வெளியிட்டார். அவர் பயன்படுத்தியது உலை. தொழிற்சாலைக்கு வசதியாக அமைந்தது எலெக்ட்ரான் முடுக்கி. அமெரிக்காவில் 1957ல் பால் குக் தொடங்கிய கம்பெனி, பிற்பாடு ரேகெம் என்று பெயர் பெற்றது. அது இந்த வித்தையை வைத்தே விமானங்களுக்கு மெல்லிய வயர், சூட்டில் சுருங்கும் குழாய் என்று பெரிய வியாபாரம் செய்தது.

அந்தக் குழாயின் சூட்சுமம் கேட்கவே சுவையானது. முடிச்சுப் போட்ட குழாயை, பாலிதீனின் உருகு நிலைக்கு மேல் சூடாக்கி ஊதிப் பெரிதாக்குகிறார்கள். அப்படியே குளிரவைத்தால் பெரிய உருவத்திலேயே உறைந்துவிடும். ஆனால் உள்ளே இருக்கும் வலைக்குத் தன் பழைய அளவு மறப்பதில்லை. வயர் ஜாயின்ட் மேல் மாட்டிச் சூடு காட்டினால் பழைய அளவுக்கே சுருங்கி இறுகப் பிடிக்கும். பிஸ்கட் பாக்கெட்டையும் சோப்புக் கட்டிகளையும் சேர்த்துச் சுற்றும் ஷ்ரிங்க் ஃபிலிமும் ஏறக்குறைய இந்தக் குணத்தில்தான் வேலை செய்கிறது. எல்லா ஷ்ரிங்க் ஃபிலிமும் எலெக்ட்ரான் பட்டதல்ல. சாதாரண ஃபிலிமும் இழுத்து உறைய வைத்ததால் சுருங்கும். முடிச்சுப் போட்ட ஃபிலிம் மெல்லியதாக இருந்தாலும் வலுவாக நிற்கும், சுருக்கும் சூடு கொஞ்சம் கூடிப்போனாலும் சட்டென்று ஓட்டை விழாது. அதுதான் வித்தியாசம்.

இனி முடுக்கி என்றால் என்னவென்று ஒரு வார்த்தை. பழைய பெட்டி டி.வி.யின் படக்குழாயில் ஓடியதும் எலெக்ட்ரான் கற்றைதான். அங்கே சுமார் 20,000 வோல்ட் வேகம். தொழிற்சாலை முடுக்கியில் சில லட்சத்திலிருந்து 1 கோடி வோல்ட் வரை போகும். நம் நாட்டில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் ரஷ்யத் தயாரிப்பான ஐ.எல்.யு.-6 என்ற 20 லட்சம் வோல்ட் முடுக்கியை வைத்து கேபிளுக்கு எலெக்ட்ரான் பாய்ச்சும் வேலையைச் செய்து காட்டினார்கள். இந்தூரில் ராஜா ராமண்ணா மையத்தார் 1 கோடி வோல்ட் முடுக்கியைத் தாங்களே செய்திருக்கிறார்கள். தனியார் கேபிள் கம்பெனிகள் சிலவும் சொந்த முடுக்கி வைத்திருக்கின்றன.

இவ்வளவு வேகமிருந்தும் எலெக்ட்ரான் ஆழமாகப் போகாது. 1 கோடி வோல்ட் எலெக்ட்ரான்கூடத் தண்ணீரில் சுமார் 5 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். 20 லட்சம் வோல்ட் என்றால் ஒரு சென்டிமீட்டர்தான். அதனால்தான் வயர், ஃபிலிம், பைப் ஆகிய மெல்லிய பொருளுக்கு எலெக்ட்ரான் ஏற்றது. மிளகாய் மூட்டையை அப்படியே வைத்து உள்வரை கதிர் பாய்ச்ச வேண்டுமானால் கோபால்ட் காமா கதிர்தான் வேண்டும். வாஷியில் 2000ம் ஆண்டு தொடங்கிய மசாலாப் பொருள் கதிர்வீச்சு நிலையம் அந்த வகையைச் சேர்ந்தது.

வயர் விஷயத்துக்கு வருவோம். இதில்தான் நமக்கு அக்கறை அதிகம். கடைவீதியில் தீ என்றால் ஒரு கடையோடு நிற்பதில்லை. சாக்கும் அட்டைப் பெட்டியும் எண்ணெய் டின்னும் அடுக்கிய குடோனில், மேலே பழைய வயர் தொங்குவதை எத்தனை கடைகளில் பார்க்கிறோம்! ஃபிரீசர், மாவு மெஷின், ஏ.சி. என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகிறோம். வயர் மட்டும் அப்பா காலத்து வயர்.

சாதாரண பி.வி.சி. வயரின் செம்பு 70 டிகிரி வரை இருக்கலாம் என்பது கணக்கு. முடிச்சுப் போட்ட பாலிதீன் வகையில் 90 டிகிரி. ஷார்ட் சர்க்யூட் ஆகும் அந்தச் சில விநாடியில் பி.வி.சி. 160 டிகிரி வரை தாங்கும், முடிச்சுப் போட்டது 250 வரை தாங்கும். இது பொய்யான விளம்பரமில்லை, உண்மையான லாபம். குடோனுக்கும் மெஷின் லைனுக்கும் இந்த வயரைப் போடுவது நல்லதென்றே நாம் கருதுகிறோம்.

ஆனால் இங்கே இரண்டு இடத்தில் நம்மை ஏமாற்றப் பார்ப்பார்கள். "இது எரியாது சார்" என்பார்கள். முடிச்சுப் போடுவதால் பாலிதீன் ஒழுகாது என்பது மெய். எரியாது என்பது வேறு சங்கதி. பாலிதீன் நன்றாக எரியக்கூடிய பொருள். தீயைத் தடுக்கும் குணம் அதில் தனியாகக் கலக்கும் மருந்திலிருந்து வருகிறது, எலெக்ட்ரானிலிருந்து வருவதில்லை. எனவே கிராஸ் லிங்க் என்று போட்டிருந்தால் மட்டும் போதாது, தீ பரவாத வகை, புகை குறைந்த வகை என்று வயரின் மேலேயே அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பி.வி.சி. எரிந்தால் வரும் புகையில் அமில வாயு இருக்கும். ஷட்டர் போட்ட கடைக்குள் மாட்டிக்கொண்டவருக்குத் தீயைவிட அந்தப் புகைதான் எமன். ஹாலோஜன் இல்லாத வகை என்று கேட்டு வாங்குவதற்குக் காரணம் அதுதான்.

இரண்டாவது, 90 டிகிரி வயர் போட்டாயிற்று, இனி எத்தனை மெஷின் வேண்டுமானாலும் மாட்டலாம் என்ற நினைப்பு. வயர் தாங்கினாலும் அது போய்ச் சேரும் ஸ்விட்ச், பிளக், எம்.சி.பி. முனை அத்தனை சூட்டுக்குச் செய்யப்பட்டவை அல்ல. தீ பெரும்பாலும் பிடிப்பது லூஸான முனையில்தான். வயரின் பலத்தைக் கூடுதல் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளலாமே ஒழிய, கூடுதல் பாரம் ஏற்ற அது அனுமதிச் சீட்டல்ல. இதை எலெக்ட்ரீஷியனிடம் சொன்னால் சிரிப்பார். நாம் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு சின்னக் குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். எக்ஸ்.எல்.பி.இ. என்று போட்டிருந்தால் எலெக்ட்ரான் பட்டது என்று பொருளல்ல. முடிச்சு விழுந்தது என்று மட்டும்தான் பொருள். பெராக்சைடு மருந்து கலந்தும், சிலேன் கலந்து ஈரத்தில் வைத்தும் இதே முடிச்சைப் போடுகிறார்கள். வெந்நீர் பைப்பில் இதைப் பிரித்துக் காட்டவே பெக்ஸ்-ஏ, பெக்ஸ்-பி, பெக்ஸ்-சி என்ற பெயர்கள் இருக்கின்றன. ஏ என்றால் பெராக்சைடு, பி என்றால் சிலேன், சி என்றால் கதிர். எலெக்ட்ரான் முறையில் மருந்து கலக்க வேண்டியதில்லை, வேலை விநாடியில் முடியும், எவ்வளவு கதிர் என்பதை மெஷினிலேயே அளந்து கொடுக்கலாம். அது தயாரிப்பாளருக்கு நல்ல வசதி. வாங்குகிற நமக்கு முடிச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். அதற்குச் சோதனை இருக்கிறது. எக்ஸ்.எல்.பி.இ. உறையை 200 டிகிரி அடுப்பில் 15 நிமிடம் எடை கட்டித் தொங்கவிடுவார்கள். முடிச்சு சரியாக இருந்தால் நீண்டு நிற்கும், அளவு 175 சதவீதத்தைத் தாண்டாது. இல்லாவிட்டால் அறுந்து கீழே விழும். இந்தச் சோதனைச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. கடையிலேயே தெரிய வேண்டுமானால் துண்டு உறையைச் சூடான சால்டரிங் கம்பியில் வைத்துப் பார்க்கலாம். சாதாரண பாலிதீன் மெழுகாக உருகி நூலாக வரும். முடிச்சு விழுந்தது ரப்பர் போல் நெளியும். துல்லியமான சோதனையல்ல, ஆனால் வாய்ப்பேச்சைவிட மேல்.

இதுவரை சொன்னது எலெக்ட்ரான் பட்டு நல்லதாகிற பிளாஸ்டிக். பட்டுக் கெட்டுப்போகிற பிளாஸ்டிக்கும் இருக்கிறது. மசாலா பாக்கெட் போடுகிறவர்கள் இந்தப் பகுதியை அவசியம் படிக்க வேண்டும்.

எலெக்ட்ரானுக்கு முடிச்சுப் போடவும் தெரியும், அறுக்கவும் தெரியும். பாலிதீனில் முடிச்சு அதிகம். பாலிப்ரோப்பிலீனில் அறுப்பு அதிகம், அதுவும் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். இழை துண்டு துண்டாகி, பொருள் மஞ்சளடித்து, நொறுங்க ஆரம்பிக்கும். அன்றைக்கே தெரிந்துவிட்டாலும் பரவாயில்லை. சும்மா இருக்கும் கைகள் சில உள்ளே சிக்கிக்கொண்டு பல மாதம் கழித்தும் வேலை செய்யும். கதிர் பாய்ச்சி வந்தபோது நன்றாக இருந்த பை, ஆறு மாதம் ஸ்டாக்கில் இருந்தபின் மடித்த இடத்தில் வெடிக்கும். ஆஸ்பத்திரி சிரிஞ்சுகள் பாலிப்ரோப்பிலீனில் செய்தவை. அவற்றைச் சுத்திகரிக்க வழக்கமாக 25 கிலோ கிரே கதிர் கொடுப்பதால், கதிர் தாங்கும் மருந்து கலந்த தனி ரகத்தில்தான் செய்கிறார்கள். கிரே என்பது கதிரை அளக்கும் படி என்று வைத்துக்கொள்ளுங்கள். கேபிளுக்கு 100 முதல் 200 கிலோ கிரே வரை ஆகும். 100 கிலோ கிரேயை ஒரே மூச்சில் கொடுத்தால் பாலிதீன் சுமார் 40 டிகிரி சூடேறிவிடும், அதனால் வயரைப் பலமுறை சுற்றிச் சுற்றி ஓட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறார்கள்.

மசாலாப் பொருளுக்கு நம் நாட்டில் அனுமதித்த அளவு 6 முதல் 14 கிலோ கிரே. வெங்காயம், உருளைக்கிழங்கு, மசாலா மூன்றுக்கும் 1994லேயே அனுமதி வந்துவிட்டது. மிளகாய்த்தூளையோ மிளகுத்தூளையோ பாக்கெட் போட்டபின் கதிர் பாய்ச்ச அனுப்பினால், சரக்கு வாங்கும் அதே அளவை பாக்கெட்டும் வாங்குகிறது. ஆகவே ஏற்றுமதிக்கு அனுப்புகிற நண்பர்கள், "ரோல் என்ன மைக்ரான், என்ன விலை" என்று மட்டும் கேட்டால் போதாது. "இது கதிர் தாங்கும் ரகமா" என்றும் அச்சகத்தாரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். பாலிப்ரோப்பிலீன் நெய்த சாக்கில் கட்டி அனுப்புகிறவர்களும் இதைக் கவனிப்பது நல்லது. பாலியெஸ்டரும் பாலிதீனும் இந்த அளவுக்கு அசைந்து கொடுப்பதில்லை. பி.வி.சி.க்குக் கதிர் ஆகாது, அமில வாயு கக்கிப் பழுப்பேறும். இன்னொன்று: காமா கதிர் கொடுக்க மணிக்கணக்கில் ஆகும், அந்த நேரமெல்லாம் ஆக்ஸிஜன் உள்ளே புகுந்து அறுக்கும். எலெக்ட்ரானில் அதே அளவு விநாடிகளில் முடிவதால் பிளாஸ்டிக்குக்குச் சேதம் குறைவு.

மிகவும் நொந்துபோவது டெஃப்லான். நான்ஸ்டிக் தோசைக்கல்லில் இத்தனை சூட்டைத் தாங்குகிற பொருள், கொஞ்சம் கதிர் பட்டாலே நொறுங்கிவிடுகிறது. அதையும் வியாபாரமாக்கியவர்கள் இருக்கிறார்கள். டெஃப்லான் கழிவை எலெக்ட்ரானில் காட்டி நொறுக்கிப் பொடியாக்கி, அச்சு மையிலும் மசகிலும் கலக்க விற்கிறார்கள். கழிவைக் காசாக்கத் தெரிந்தவனே வியாபாரி!

வாடிக்கையாளர் பயத்தைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. "கதிர் பட்ட பையில் கதிர் இருக்குமா?" என்று கேட்கிறார்கள். இருக்காது. எலெக்ட்ரான் மோதி முடிச்சு விழுவது அணுக்களின் வெளிக் கட்டில் நடக்கிற வேலை. அணுவின் கருவைத் தொட்டால்தானே கதிரியக்கம்? அதைத் தொடாமலிருக்கத்தான் உணவுக்கு 1 கோடி வோல்ட்டுக்கு மேல் எலெக்ட்ரான் கூடாது என்று கோடெக்ஸ் சர்வதேச விதி வரம்பு கட்டியிருக்கிறது. முடுக்கியின் ஸ்விட்சை அணைத்தால் கற்றை நின்றுவிடும். விளக்கை அணைத்தபின் சுவரில் வெளிச்சம் தங்குவதில்லையே.

ஆனால் கதிர் பாய்ச்சிய உணவுப் பொருளின் லேபிளில் அதற்குரிய பச்சைச் சின்னமும் வாசகமும் இருக்க வேண்டும் என்பது சட்டம். "அதைப் பார்த்தால் வாங்க மாட்டார்கள், ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துவிடலாம்" என்று சிலர் யோசனை சொல்வதைக் கேட்டிருக்கிறோம். நாம் இதைக் கடுமையாக எதிர்க்கிறோம். மறைத்தது தெரிந்தால், பொருளில் குற்றமில்லாவிட்டாலும் கடையில் குற்றம் வந்துவிடும். கேட்பவருக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கி விளக்கினால் பாதிப்பேர் ஏற்றுக்கொள்வார்கள். மீதிப்பேர் வேறு பாக்கெட் எடுத்துக்கொள்ளட்டும், அது அவர்கள் உரிமை.

இன்னொரு பேச்சும் கடைவீதியில் அடிபடுகிறது. எலெக்ட்ரான் பட்ட ஃபிலிம் சுற்றுச்சூழலுக்கு நல்லது, தடைச் சட்டம் இதைத் தொடாது என்கிறார்கள். இது முழுத் தவறு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கைப்பை எத்தனை மைக்ரானாக இருந்தாலும் தடைதான். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடையான பொருள்களில், ஸ்வீட் பெட்டி மேல் சுற்றும் ஃபிலிமும் உண்டு. கதிர் பட்டதற்கு விலக்கு என்று எந்த வரியும் கிடையாது. அபராதம் கட்டப்போவது பிரதிநிதியல்ல, நாம்தான்.

சுற்றுச்சூழல் கணக்கிலும் முடிச்சு விழுந்த பிளாஸ்டிக் கொஞ்சம் தொல்லைதான். வெந்த முட்டையை மறுபடி உடைத்து ஊற்ற முடியாததுபோல, இதை உருக்கிப் புதுப் பொருள் வார்க்க முடியாது. சாதாரண பாலிதீன் கழிவோடு இது கலந்துபோனால், உருக்கும் மெஷினில் கட்டி கட்டியாக நின்று மற்றதையும் கெடுக்கும். காயலான் கடைக்காரர் எடை போட்டு வாங்கிப் போய்விடுவார், நஷ்டம் மறுசுழற்சி செய்பவருக்கு. அடுத்த முறை அவர் நம் தெருச் சரக்குக்கே விலையைக் குறைப்பார். வயர் உறை, சுருங்கு குழாய்த் துண்டு, கிராஸ் லிங்க் ஷ்ரிங்க் கழிவு இவற்றைத் தனிச் சாக்கில் போட்டு வைக்கும்படி கடைப் பையன்களுக்குச் சொல்லிவிட்டால் செலவில்லாமல் தீர்கிற காரியம். ஃபிலிம் தயாரிப்பவர்களும் ரோலின் அட்டைக் குழலில் "முடிச்சுப் போட்டது, உருக்க உதவாது" என்று தமிழில் அச்சிடலாம். அவர்கள் தாமாகச் செய்ய மாட்டார்கள். சங்கங்கள் சேர்ந்து கேட்டால் செய்வார்கள்.

சங்கத்துக்கு நம் வேண்டுகோள் ஒன்று உண்டு. மழைக்காலம் தொடங்குமுன் ஒவ்வொரு கிளையும் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவரை அமர்த்தி, உறுப்பினர்களின் குடோன் வயரிங்கைப் பார்வையிட ஏற்பாடு செய்யலாம். மாற்ற வேண்டிய இடங்களுக்குத் தேவையான வயரை மொத்தமாக, சோதனைச் சான்றோடு கொள்முதல் செய்தால் விலையும் இறங்கும். பில்லில் "வயர்" என்று ஒற்றை வரி போடாமல், என்ன வகை, எத்தனை டிகிரி, தீ பரவாத ரகமா என்பதை எழுதி வாங்க வேண்டும். தீ இன்ஷூரன்ஸ் கேட்டு நிற்கிற நாளில் அந்தப் பில்தான் கையில் இருக்கும்.